அஞ்சு வருஷ நாக்காலி

ஆமா சார், டெல்லியில எழுதுன பெரிய சட்டத்துலயே வருதாம், எங்க ஊரு பால் சங்கம். சிரிக்காதீக. நிர்வாகக் குழுவுல இருபத்தோரு பேருக்கு மேல கூடாது, ஒருத்தரும் அஞ்சு வருஷத்துக்கு மேல ஒட்டிக்கிட்டுக் கெடக்கக் கூடாதுன்னு. எங்க சங்கத்துல இருக்கது ஒரு நாக்காலி, ஒரு பெஞ்சு. பெஞ்சுல நாலு பேரு உக்காந்தா அடுத்த ஆளு பால் கேன் மேலதான். இருபத்தோரு பேருக்கு எங்க போக?

பொறவு பெரிய கோர்ட்டுல, அது செல்லாது, மாநிலச் சட்டந்தான்னுட்டாகளாம். ராஜபாளையத்து வக்கீல் சொன்னாரு. சரி, மாநிலச் சட்டத்துல எத்தன வருஷம்னேன். அதுலயும் அஞ்சுதாங்காரு. இதுக்கா அம்புட்டுத் தூரம் போயிச் சண்ட போட்டாக?

நீங்க கிருஷ்ணன்கோவில் காலேஜுல வாத்தியாரா? சட்டமா? ஓ, மோட்டார் பாடமா. பரவால்ல, கேளுங்க.

எங்க தலைவியம்மாவ எறக்கத்தான் ஸ்ரீவில்லிபுத்தூர் கூட்டுறவு ஆபீசுக்கு பஸ் ஏறியிருக்கேன். இன்னிக்கு விசாரணை. எலெக்சன் நடந்து அஞ்சு வருஷம் போன பங்குனியோட தீந்துபோச்சு. எந்திரிக்கணும்ல? மாட்டேங்காக.

அப்பிடி என்ன செஞ்சாகளா? பால் டெஸ்ட் பண்ற மெசினத் தூக்கி வாசல்ல வச்சுட்டாக. எல்லாரும் கண்ணால பாக்கணுமாம். பழைய தலைவரு சோலைராஜ் பாலையே திருப்பி விட்டாக. எம் பாலுக்கும் அதே கெதிதான், அத விடுங்க. மீட்டிங் நடக்கையில வெளியாளு சன்னல்கிட்ட நிக்கப்படாதாம். நான் வெளியாளாம். அந்தச் செவரு எழும்பையில மண்ணு சொமந்தவன் சார் நான்.

பொம்பளைகளுக்கு ரெண்டு எடம்னு அதே சட்டந்தான் சொல்லுது. அதுல வந்தவகதான். தலைவர் எடத்துக்கு ரெண்டு கோஷ்டி மல்லுக்கு நின்னுச்சு. கடைசியில, பொம்பளைன்னா சொன்ன எடத்துல கையெழுத்துப் போடும்னு இவியளத் தூக்கி வச்சாக. அம்புட்டு அறிவு. அவிய பேருதான் இருந்துச்சு, மொத வருஷம் பூரா உக்காந்தது அவிய புருஷன். எல்லா ஊரு வழக்கமுந்தான? நல்லாத்தான் நடத்துனாரு. அவிய பாட்டுக்கு மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கிட்டு வீட்டுல இருந்தாக.

ஒருநா அவியளே சங்கத்துக்கு வந்தாக. நாக்காலிகிட்ட நின்னு, எந்திரிங்கன்னாக. சத்தங்கூடப் போடல. குழுவுல இருந்த அம்புட்டுப் பேரும் பாத்துக்கிட்டு இருக்கான். எந்திரிச்சிட்டாரு. என்ன செய்ய?

இப்ப என்ன சொல்லுதாக தெரியுமா? மொத வருஷம் நான் உக்காரல, உக்காந்தவரப் போயிக் கேளுங்க. எனக்கு நாலுதான் ஆச்சு, இன்னும் ஒண்ணு கெடக்குங்காக. வக்கீலு சிரிக்காரு. சட்டம் ஒங்க பக்கந்தான், ஆனா மொத வருஷம் யாரு உக்காந்ததுன்னு ஆபீசர் கேட்டா என்ன சொல்லுவீகங்காரு.

ஏங்கிட்ட எதுக்குக் கேக்கணுமா? பொறவு யாருகிட்ட கேப்பாக? உக்காந்தது நாந்தான.

வெள்ளைத்தாய்னு பேரு. அந்தா, டிரைவருக்குப் பின்னால ரெண்டாவது சீட்டு, மஞ்சச் சேலை. மடியில தூக்குச்சட்டி வச்சிருக்கால்ல, அவதான். விசாரணை முடிய மத்தியானம் ஆயிரும்னு எனக்குஞ் சேத்துச் சோறு கட்டியிருக்கா.