கேட்காமல் வரும் ஹெலி

மகளுக்குத் தடுப்பூசி போட்டுவிட்டு நெல்லியடியில் பேருந்து ஏறினேன். முன் இருக்கையில் ஒரு பெண்ணும், வெளிநாட்டில் ஹெலிகொப்டர் வடிவமைப்புப் படிக்கும் அவருடைய அண்ணன் மகனும்.

“ஹெலி பறக்க முந்தியே அதின்ரை சத்தத்தைக் கணக்குப் போடுவியோ?”

“ஓம் மாமி. விசிறியைச் சுத்த அதின்ரை நுனியிலை ஜெட் பூட்டினால் பயங்கர இரைச்சல். எவ்வளவு கேக்குமெண்டு முதலே கணிச்சுக் குறைக்கவேணும்.”

“குறைச்சால்?”

“தலைக்கு மேலை வருமட்டும் கேக்காது.”

“விசரா! சண்டை நேரம் கேட்டபடியால்தானே நாங்கள் பங்கர்க் குழிக்குள்ளை ஓடினனாங்கள். அண்டைக்கு வெங்காயத்துக்குத் தண்ணி இறைக்கிற மெசின் ஓடினது, ஹெலி வந்தது எனக்குக் கேக்கேல்லை. உன்ரை மச்சாள், என்ரை பிள்ளை, வீட்டு முத்தத்திலை விளையாடிக்கொண்டு நிண்டவள்.”

அவன் மெதுவாகச் சொன்னான்: “இது நோயாளியளை ஏத்துறதுக்கு, மாமி.”

“வாங்கிறவன் உன்னைக் கேட்டுப்போட்டோ பறப்பான்?”

அவன் அவருடைய பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டான்.