அறுபதடிப் புகைபோக்கி

"...பறக்கட்டும் சார், யாரு வேணாங்கிறா? பிளேன்ல பறக்கிறவன் மேல பாத்துப் பறக்க வேண்டியதுதானே. கீழ நான் டீ ஆத்துறது அவனுக்கு என்ன இடைஞ்சல்ங்கிறேன்."

செம்மண்மேட்டு டீக்கடை அய்யம்பெருமாள் இந்தக் கேள்வியை ஊரில் எல்லாரிடமும் கேட்டு முடித்துவிட்டார். எண்பத்திரண்டாம் வருஷத்துச் சித்திரை வெயிலில் இன்றைக்கு வாய்த்தவர், சைக்கிளில் வந்து இறங்கிய ஒரு வெளியூர்க்காரர். தோளில் பை, கையில் டீ கிளாஸ். கிளாஸ் காலியாகாமல் ஆள் நகர முடியாது என்பதால், டீயைக் கொதிக்கக் கொதிக்கத்தான் கொடுத்திருந்தார்.

"கீழப்பழுவூர்லேர்ந்து தார் ரோடு சார். நேரா என் கடை வாசலுக்கு வரணும். பஸ்ஸு நிக்கும்னு நம்பி கூரையப் பிரிச்சி ஓடு போட்டேன், பெஞ்சு போட்டேன். இப்ப ரோடு எங்க போவுதுங்கிறீங்க? ரெண்டு மைல் தள்ளி, குஞ்சாவெளிக்கு. அங்க என்ன இருக்கு? அந்தூர்க் கடைக்காரன் லூர்துராஜ் இருக்கான். ஆபீசருங்க ஜீப்புல வந்தப்ப அவன் பேசுனதக் கேக்கணுமே."

அய்யம்பெருமாள் துண்டை இடுப்பில் கட்டி, முதுகை வளைத்து, குரலை அழுகைக்கு இறக்கினார்.

"'எங்கூர்ல என்னங்கய்யா இருக்கு. ஒத்தப் பனமரம் இருந்துச்சி, அதும் இடி விழுந்து மொட்டை. மாடியா? எங்களுக்கு ஏணியே கெடையாதுங்கய்யா.' இப்பிடி அழுதே பஸ்ஸ அள்ளிக்கிட்டுப் போயிட்டான் சார்.

"அந்த வடக்கத்தி விமானப்படை ஆபீசரு இருக்காரே..." அய்யம்பெருமாளின் முதுகு நிமிர்ந்து விறைத்தது. "'இங்கே பசங்க பிளேன் படிக்குது. தாழ பறக்குது. ரோடு வந்தா கடை வரும், கடை வந்தா மாடி வரும். உயரம் வேண்டாம்.' இதத்தான் சொன்னாராம். எனக்கு எங்க கேட்டுச்சி? நான்தான் பேசிக்கிட்டிருந்தேனே.

"என்ன பேசுனேனா? தப்பா ஒண்ணுமில்ல. வருங்காலத்துல என்ன கட்டப்போறீங்கன்னு சர்வேயர் கேட்டாரு. பெரிய ஊருன்னாதானே சார் ரோடு போடுவான்? அதனால நெல்லு அவிக்கிற மில்லு வருதுன்னேன். புகைபோக்கி அறுபதடின்னேன். கடைக்கு மேல மூணு மாடி லாட்ஜுன்னேன். அவரும் எழுதிக்கிட்டே இருந்தாரு, எனக்கும் நிறுத்த மனசு வரல. ரெங்கம்மா, என் வீட்டுக்காரி, அன்னைக்கே கேட்டா: 'ஏய்யா, அவரு கேக்காமயே எதுக்குய்யா லாட்ஜு கட்டுன?' இப்ப, இல்லாத புகைபோக்கிய சுத்திக்கிட்டு ரோடு வளைஞ்சி போவுது சார்."

வெளியூர்க்காரர் பையிலிருந்து ஒரு வரைபடத்தை எடுத்து பெஞ்சில் விரித்தார். செம்மண்மேட்டின் மேல் சிவப்பு மையில் ஒரு வட்டம், பக்கத்தில் 'அறுபது அடி' என்ற குறிப்பு. பேனாவைத் திறந்துகொண்டு அவர் வானத்தில் புகைபோக்கியைத் தேடினார்.

"அட, மறுபடி அளக்க வந்த ஆபீசரா நீங்க? மொதல்லயே சொல்லப்படாதா... சொல்ல விடலையா? சரி, விடுங்க. அடிச்சிருங்க சார். மில்லு இல்ல. லாட்ஜு இல்ல. இந்தக் கடைக்குள்ளயே குனிஞ்சிதான் வரணும். அந்தத் தென்னையா? நாளைக்கே சாச்சிப்புடுறேன். பள்ளிக்கூடமா? கொட்டாயி சார், புள்ளைங்க உக்காந்துதான் படிக்கிது. சனமா? சனம் எங்க இருக்கு. பாதிப்பேரு பொழைக்கப் போயிட்டான், மீதிப்பேரு கெளம்பிக்கிட்டிருக்கான். சைபர்னே போட்டுக்குங்க. பிளேனு தரையத் தொட்டுக்கிட்டே போவலாம்."

பேனா சிவப்பு வட்டத்தை அடித்தது. மக்கள்தொகை என்றிருந்த கட்டத்தில் ஒரு சைபர் போட்டது. வந்தவர் படத்தைச் சுருட்டிப் பையில் செருகி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே கடைசியாக ஒன்று கேட்டார்.

"என்ன கேட்டீங்க... சனமே இல்லாத ஊருக்கு ரோடு எதுக்குன்னா?"

அய்யம்பெருமாள் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் சைக்கிள் குஞ்சாவெளிப் பக்கம் திரும்பி மறைந்துவிட்டது.