ஹாலிஃபாக்ஸிலிருந்து ஒரு மகன்

“இது என்ன ஊரு அக்னஸு, இம்புட்டு ஐசு கொட்டிக் கெடக்குது?”

“கனடா, அத்தை. ஹாலிஃபாக்ஸுன்னு போட்டிருக்கு.”

“கம்பளி போட்டிருப்பானா?”

“போட்டிருப்பாரு. வேலை குடுக்கறவங்களே குடுப்பாங்க.”

“சின்னதுலேர்ந்து அவனுக்குச் சளி ஒத்துக்காது. மழையில நனைஞ்சா வாரம் பூரா மூக்க உறிஞ்சிக்கிட்டே திரிவான். நீ இன்டர்நெட்ல எழுதுறப்போ சொல்லிரு, என்ன?”

“சொல்லிடுறேன் அத்தை.”

அஞ்சலட்டை மாற்றிக்கொள்வது அமைதியான பொழுதுபோக்கு. யாருக்கும் தொந்தரவு கிடையாது. தொண்ணூற்றேழில், மலேசியாவில் மலாக்கா நகரத்துத் தெங்கேராவில் பிரான்க்ளின் அண்ணன் நடத்திய கம்ப்யூட்டர் வகுப்பில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் எனக்கு அது பழக்கமானது. மாணவர்கள் வராத மத்தியான வேளைகளில் மோடம் கரகரவென்று கத்தி ஓய்ந்ததும், பேச ஆட்கள் கிடைப்பார்கள். அட்டை மாற்றிக்கொள்பவர்களுக்கென்றே ஒரு மின்னஞ்சல் குழு இருந்தது. ஹாலிஃபாக்ஸில் ஓய்வுபெற்ற தாதி மார்கரெட், ஜெர்மனியில் பிரேமன் நகரத்து ஆசிரியை ஹில்டா, சிலி நாட்டுத் துறைமுகம் ஒன்றில் ரொட்டிக்கடை வைத்திருந்த ரமோன் ஆகிய மூவரும் என்னோடு நெருக்கமானார்கள். நான் மலாக்கா ஆற்றையும் சிவப்புக் கட்டடங்களையும் அனுப்புவேன். அவர்கள் பனியையும் தேவாலயங்களையும் கப்பல்களையும் அனுப்புவார்கள்.

“உலகம் பூரா மாப்பிள்ளை தேடுறியாலா?” என்று பிரான்க்ளின் அண்ணன் கேலி செய்வார். “உள்ளூர்ல ஒருத்தனும் சரிப்படலையா?”

நான் சிரித்துவைப்பேன். நல்ல மனுஷர். போன் பில்லைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. சிலருக்குப் படத்தைவிடத் தபால் முத்திரைதான் முக்கியம். அவர்கள் அட்டையை எழுதி, உறைக்குள் போட்டு, வேண்டிய ஊரில் இருக்கும் நண்பருக்கு அனுப்புவார்கள். நண்பர் தம் நாட்டுத் தபால்தலையை ஒட்டி, அங்கிருந்தே பெட்டியில் போடுவார். ஏன், எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. கேட்பது நாகரிகமும் இல்லை.

முனியாயி அத்தைக்கு வந்த அட்டைகள் எல்லாம் அப்படி வந்தவைதான். எழுதியது நான்.

அவருடைய மகன் கணேஸ்வரன் எழுதியிருக்க முடியாது. அத்தைக்கு முதல் அட்டை வருவதற்கு முன்பே அவன் கடலில் இறந்துபோயிருந்தான்.

இதை எடுத்த எடுப்பில் சொன்னால் தவறாகத் தெரியும். அதனால் ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன்.

புலாவ் செபாங் ஊருக்கு உள்ளே இருந்த ரப்பர்த் தோட்டத்தில் எங்கள் இரண்டு வீடுகளும் ஒரே லயம், ஒரே கூரையின் கீழ் வரிசை வீடுகள். என் அப்பா சின்னப்பன் தோட்டத்து லாரி ஓட்டினார். முனியாயி அத்தை பால் மரம் சீவினார். புருஷன் இல்லை. கணேஸ்வரனும் அவன் தங்கை பவானேஸ்வரியும்தான் அவருக்கு எல்லாம். கணேஸ்வரன் பக்கத்து டவுனான தம்பினில் ஒரு கார்ப் பட்டறையில் வேலை பார்த்தான். சனிக்கிழமை பாசார்ச் சந்தையில் எனக்கு ஆப்பம் பாலிக் என்ற கடலை அப்பம் வாங்கிக் கொடுத்துவிட்டு, தனக்குப் பசியில்லை என்பான். நான் பாதியைப் பிய்த்துக் கொடுத்தால் உடனே வாங்கிக்கொள்வான். எங்கள் காதலில் இதைவிடப் பெரிய ரகசியம் ஒன்றும் இருந்ததில்லை.

விஷயம் தெரிந்ததும் முனியாயி அத்தை நேராக எங்கள் வீட்டுக்கே வந்தார். சத்தம் போடவில்லை.

“சின்னப்பண்ணே, ஒங்க மக தங்கமான பொண்ணு. இல்லேங்கல. ஆனா நாளைக்கு எனக்குக் கொள்ளி வைக்கிறவன் சிலுவ போட்டுக்கிட்டு நின்னா, நான் யாருகிட்டப் போயி அழுவேன், சொல்லுங்க.”

அப்பா காப்பி கலக்கச் சொன்னார். அத்தை குடித்துவிட்டுத்தான் போனார். இதுவரைக்கும் என்னால் மன்னிக்க முடிந்தது. அவர் பயம் அவருக்கு.

அடுத்து அவர் செய்ததுதான் வேறு. கிள்ளானில் என் பெரியப்பா மகள் கல்யாணத்துக்காக நாங்கள் குடும்பத்தோடு போய்த் தங்கியிருந்தோம். எங்கள் மாதா கோயிலில் ஒரு கல்யாணம் நிச்சயமானால், மூன்று ஞாயிறு பூசையில் பெண், மாப்பிள்ளை பெயரை வாசிப்பார்கள். ஓலை வாசிப்பது என்போம். தடை சொல்ல விரும்புகிறவர்கள் அதற்குள் சொல்ல வேண்டும். மூன்றாவது ஓலையும் முடிந்துவிட்டால் பேச்சுக்கு இடமில்லை. இது தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் இந்துப் பிள்ளைகள் கோயில் வாசலோடு நின்றுகொள்வார்கள், உள்ளே என்ன வாசித்தார்கள் என்று அவர்களுக்கு யாராவது சொன்னால்தான் உண்டு. கணேஸ்வரனுக்கு அவன் அம்மா சொன்னார்.

“அக்னஸுக்கு மூணாவது ஓலையும் வாசிச்சாச்சாம்டா. மாப்பிள்ள கிள்ளானாம். அதான் எல்லாரும் கெளம்பிப் போயிருக்காங்க.”

நம்பிவிட்டான். நாங்கள் திரும்பி வந்தபோது அவன் சிங்கப்பூரில் சரக்குக் கப்பல் ஏறியிருந்தான்.

எனக்கு வந்த முதல் அட்டை அவன் எழுதியதுதான். டர்பன் துறைமுகப் படம். “கல்யாண வாழ்த்துகள். நன்றாக இரு.” அவ்வளவுதான். அதைப் படித்த பிறகுதான் எனக்கு ஓலைக் கதை தெரிந்தது. எந்த ஓலையும் வாசிக்கவில்லை, நான் இங்கேயேதான் இருக்கிறேன் என்று அட்டையில் இருந்த கப்பல் ஏஜெண்டு முகவரிக்கு எழுதினேன். பதில் வர வெகு நாளானது. ஒப்பந்தம் முடிந்ததும் வருகிறேன், கப்பல் தாள்களில் மனைவி என்று உன் பெயரைத்தான் கொடுத்திருக்கிறேன், அம்மாவுக்கு நான் இனி ஒரு வரி எழுத மாட்டேன், நீயும் என்னைப் பற்றி எதுவும் சொல்லாதே என்று எழுதியிருந்தான்.

அதனால்தான் கம்பெனிக் கடிதம் எனக்கு வந்தது. ஆப்பிரிக்காவின் தெற்குக் கடலில் புயல், மேல்தளத்தில் வேலையாக இருந்தவரை அலை அடித்துப் போய்விட்டது, உடல் கிடைக்கவில்லை. திருமதி கணேஸ்வரன் என்று போட்டிருந்தார்கள். என்னை அப்படிக் கூப்பிட்ட ஒரே தாள் அது. அதை யாரோடும் பங்கு போட எனக்கு மனம் வரவில்லை. இது மனிதர்களுக்குப் புரியக்கூடிய விஷயம் என்றே நினைக்கிறேன்.

கொஞ்ச காலம் கழித்து, அப்பாவைப் பார்க்கப் போன ஒரு சனிக்கிழமை, புலாவ் செபாங் பாசாரில் அத்தை என் கையைப் பிடித்து நிறுத்தினார். கையில் கருவாட்டுப் பொட்டலம்.

“கணேசு ஒனக்காச்சும் எழுதுறானா பாப்பா?”

“இல்ல அத்தை. ஒங்களுக்குத்தான் எழுதுவாரு, பாருங்க.”

அந்த நேரத்தில் எனக்கு எந்தத் திட்டமும் இல்லை. வாயில் வந்ததைச் சொன்னேன். வீடு திரும்பும் பஸ்ஸில், கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டும் என்று தோன்றியது.

அவன் கையெழுத்து எனக்கு அத்துப்படி. வலது பக்கம் சாயும், கொம்புகள் நீளும். மார்கரெட்டிடம் வெற்று அட்டை ஒன்று வரவழைத்து எழுதித் திருப்பி அனுப்பினேன். என் கணவரின் அம்மாவுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று காரணம் சொன்னேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. ‘உன் மாமியார் கொடுத்துவைத்தவர்’ என்று அவர் பதில் போட்டார்.

தோட்டத்தில் தபால்களைக் காலைப் பெரட்டில், ஆள் கணக்கு எடுக்கும்போது, ஆபீஸ் எழுத்தரான கிராணி கந்தசாமி பெயர் சொல்லிக் கொடுப்பார். படிக்கத் தெரியாதவர்களுக்கு அங்கேயே உரக்கப் படித்தும் காட்டுவார். “அம்மா, நான் உன்னை மன்னித்துவிட்டேன். நலமாக இருக்கிறேன். தீபாவளிக்கு வருவேன்.” எதை மன்னித்தான் என்று அன்றைக்கு லயம் முழுவதும் பேச்சு. கொஞ்ச நாளில் ஓலைக் கதை தானாக வெளியே வந்தது. நான் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவனோடு இன்டர்நெட் வழியாக எனக்கும் தொடர்பு கிடைத்துவிட்டதாக அத்தையிடம் சொல்லிவைத்தேன். அதன் பிறகு அவர் ஒவ்வோர் அட்டையையும் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு, பஸ் ஏறி, தெங்கேராவுக்கு என்னிடமே வந்துவிடுவார். கிராணி படித்துக் காட்டியதை நான் மறுபடியும் படிக்க வேண்டும். பிரான்க்ளின் அண்ணன் அவருக்கு மைலோ வாங்கிக் கொடுப்பார். என்னை வேண்டாம் என்ற மனுஷி, என் எதிரில் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, நான் வாய் திறப்பதற்காகக் காத்திருந்தார். எனக்கு அதில் பெருமை என்று சொல்ல மாட்டேன். நியாயம் தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்ததுபோல் இருந்தது.

தீபாவளிக்கு முந்தின நாள் அவர் புலாவ் செபாங் ஸ்டேஷனுக்குப் போனார். சிங்கப்பூரிலிருந்து வரும் ரயிலில்தான் வருவேன் என்று எழுதியிருந்தேன். எதிர்ச் சாரிக் காப்பிக் கடையில் நான் உட்கார்ந்திருந்தேன். அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் பக்கத்தில் ஆள் வேண்டுமே. அத்தை புதுச்சேலை கட்டி, மகனுக்கு எடுத்த சட்டையை மடியில் வைத்திருந்தார். எல்லாரும் இறங்கிப் போன பிறகும் எழுந்திருக்கவில்லை. ரயில் போன திசையைப் பார்க்கவில்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அடுத்த மாதம் மன்னிப்புக் கேட்டு ஓர் அட்டை வந்தது. கப்பல் தாமதமாகிவிட்டதாம். மறு வருஷமும் போனார். அதே சட்டை. நானும் போனேன்.

பிறகு தோட்டத்தை விற்றார்கள். லயத்தில் ஒவ்வொரு குடும்பமாகக் காலி செய்தது. அப்பா என்னோடு வந்துவிட்டார். பவானேஸ்வரி செங் என்ற ஊரில் தொழிற்சாலை வேலையில் இருந்தாள், வாடகை வீட்டில் அம்மாவுக்கு ஓர் அறையும் ஒதுக்கி, கட்டில் வாங்கிப் போட்டிருந்தாள். அத்தையும் மூட்டை கட்டியாயிற்று. அந்தச் சமயத்தில்தான் பிரேமனிலிருந்து அட்டை வந்தது. “வீட்டை விட்டுப் போகாதே அம்மா. நான் அந்த வாசலுக்குத்தான் வருவேன்.”

அத்தை மூட்டையை அவிழ்த்துவிட்டார்.

கரண்டை வெட்டினார்கள். தண்ணீர்க் குழாயையும் எடுத்துவிட்டார்கள். இரண்டு பக்கமும் கூரை பிரித்த வீடுகளுக்கு நடுவில் அவர் மட்டும் இருந்தார். கால்வாய்த் தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தார். பவானேஸ்வரி எனக்குப் போன் செய்தாள்.

“அக்கா, அங்க பாம்பு வருதுக்கா. அம்மா அசைய மாட்டேங்குது. நீங்கதானே அண்ணனுக்கு இன்டர்நெட்ல எழுதுறீங்க. கொஞ்சம் சொல்லுங்கக்கா, ப்ளீஸ்லா. அண்ணன் சொன்னா கேட்டுக்கும்.”

சொல்கிறேன் என்றேன். அந்த வாரம் ரமோனுக்கு ஓர் உறை அனுப்பினேன். “இன்னும் கொஞ்சம் பொறு அம்மா” என்று எழுதியிருந்தேன்.

நான் அவரை அடிக்கவில்லை, திட்டவில்லை. காத்திருக்கச் சொன்னேன், அவ்வளவுதான். நானும் காத்திருந்தவள்தானே.

இந்த வருஷம் மழை முன்கூட்டியே பிடித்துக்கொண்டது. பக்கத்து வீட்டுச் சுவர் சாய்ந்து அத்தையின் சமையல்கட்டோடு விழுந்தது. இடுப்பெலும்பு முறிந்து கிடந்தவரை, மாடு தேடி வந்த யாரோ பார்த்துத் தூக்கியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகு நெஞ்சில் சளியும் கட்டிக்கொண்டது. பவானேஸ்வரி அழுதுகொண்டே கூப்பிட்டாள். அம்மா கஞ்சி குடிக்க மாட்டேன் என்கிறார், அக்னஸை வரச் சொல் என்கிறார்.

அட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன். தீபாவளி நெருங்கிவிட்டது. இந்த முறை கட்டாயம் வருகிறேன், அதுவரைக்கும் தாக்குப்பிடி என்று எழுதியிருந்தேன். அவர் பிழைத்துக்கொள்ள வேண்டும் என்றுதான் எழுதினேன். நான் நல்லது நினைத்ததற்கு அந்த அட்டையே சாட்சி.

வார்டில் மத்தியான வெளிச்சம். அத்தை பாதியாக இளைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் மகளிடம் திரும்பினார்.

“பவானி, கீழ போயி சுடுதண்ணி புடிச்சிட்டு வாம்மா.”

அவள் பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு போனாள். நான் பையைத் திறந்தேன்.

“கார்டு வந்திருக்கு அத்தை. படிக்கட்டுமா?”

“வேணாம். கை வலிக்க எழுதியிருப்ப. உள்ள வையி.”

அட்டையைப் பைக்குள் வைத்தேன். அவர் மூச்சு வாங்கினார்.

“மொத கார்டுலயே தெரியும் எனக்கு. மன்னிச்சிட்டேன்னு போட்டிருந்துச்சு. எம்புள்ள உசுரோட இருந்தா அப்பிடி எழுத மாட்டான். நாலு வார்த்த திட்டியாச்சும் எழுதியிருப்பான். அவன் இல்லேன்னும் ஒனக்குச் சேதி வந்திருக்குன்னும் அன்னிக்கே புரிஞ்சிபோச்சு.”

“அப்புறம் ஏன் ஸ்டேஷனுக்குப் போனீங்க?”

“நீ எதுத்தாப்புல கடையில உக்காந்திருந்தியே. நான் படுறத கண்ணாரப் பாத்தா ஒனக்கு ஆத்திரம் அடங்கும், நீயே எறங்கி வந்து சொல்லிருவன்னு நெனச்சேன். வீட்டுலயும் அதுக்குத்தான் கெடந்தேன். நீ சொல்லவே இல்ல.”

இது பழிவாங்கல் இல்லை என்று அவரிடம் விளக்க நினைத்தேன். உங்களுக்கு விளக்கியதுபோலவே, நிதானமாக. அத்தை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பிடியில் பலமே இல்லை.

“இத்தன நாளும் கேக்க வாய் வரல. பொய் சொன்னவ நான், எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுக் கேப்பேன்? இப்ப கேக்குறேன். அவன் போன நாள் எது? அன்னிக்கு அவனுக்கு ஒரு எலை போட்டுச் சோறு வைக்கணும். நீ அவன் பொண்டாட்டி. நீ சொல்லாம எனக்கு யாரு தாயி சொல்லுவா?”