பிஷப்பின் மரம்

— இழு டாக்டரே, இன்னும் நல்லா இழு. மரம் உன் கையைப் பிடிச்சுகிட்டு விடமாட்டேங்குது. இருபது வருஷம் கழிச்சு வந்திருக்கியே, பாசம்!

— கிண்டல் பண்ணாத லோரெட்டா. மரம் குடையற திருகு உள்ள மாட்டிக்கிச்சு. அதாவது, நடுமரம் இறுகிக் கிடக்கு. அந்தக் கைப்பிடியைக் கொஞ்சம் பிடியேன்.

— இந்த வயசுல மரத்தோட மல்லுக்கட்டவா குட்டி விமானம் ஏறி வந்த?

— நாளைக்கு ஃபேர்பேங்க்ஸ்ல ஆராய்ச்சியாளர் கூட்டம். டெஸ்ஸா பேசப் போறா.

— யாரு, உன்கிட்ட படிச்ச பொண்ணா? நீ வெளிய அனுப்பினியே?

— நான் அனுப்பல. அவளா போனா. அதாவது, என் முடிவு தப்புன்னு எழுதிட்டு என் ஆய்வுக்கூடத்துலயே உக்காந்திருக்க முடியுமா?

— முடியாதுதான். நாற்காலி உன்னோடதாச்சே.

— வடக்குக் காடு சூட்டுல வாடுது, மரமெல்லாம் தாகத்துல வளர்ச்சியைச் சுருக்கிடுச்சுன்னு சொல்றா. நான் முப்பது வருஷமா சொல்றது என்ன? சூடு ஏற ஏற இந்தக் காடு செழிக்குது. அதுக்கு ஆதாரம் இந்த ஆத்தங்கரை ஸ்ப்ரூஸ் மரங்கதான். மரம் வருஷத்துக்கு ஒரு வளையம் போடும், நல்லா வளர்ந்தா அகலமா. நான் கடைசியா குடைஞ்சப்போ ஒவ்வொரு வளையமும் என்ன அகலம்!

— வானொலியில கேட்டேனே. ‘டாக்டர் மெர்வின் ஹால்ஸ்டெட் பேசுகிறார்’னாங்க. நீ வந்து ‘காடு கொண்டாடுது’ன்ன. அன்னிக்கு என்னால ஜன்னலைத் திறக்க முடியல, அவ்வளவு காட்டுத்தீப் புகை.

— அது வேற விஷயம்.

— உனக்கு எல்லாமே வேற விஷயம். சால்மன் மீன் வரல, ஆத்துல வலை போடாதேன்னு அதிகாரி வந்து சொல்லிட்டுப் போறான். அதுவும் வேற விஷயம். யூக்கான் ஆத்தங்கரையில உக்காந்து டப்பா மீன் திங்கறேன் டாக்டரே. நல்லாத்தான் கொண்டாடுது போ.

— புது வளையமும் அகலமா இருந்தா போதும், நாளைக்கு அவ வாயைத் திறக்க முடியாது. இல்லேன்னா, எல்லார் முன்னாடியும் நான் எழுந்து நின்னு அவ சொன்னதுதான் சரின்னு சொல்லணும்.

— சொன்னா என்ன, நாக்கு உதிர்ந்துடுமா?

— முப்பது வருஷ வேலை உதிர்ந்துடும்... வருது, வருது! கையை நீட்டு. பார்த்து, உடைஞ்சுடப் போகுது.

— இதுதானா? பென்சில் மாதிரி இருக்கு. இதுக்கா இத்தனை முனகல்?

— என் கண்ணாடி எங்க... இதோ பாரு. இது எண்பதுகள். பார்த்தியா அகலத்தை? தொண்ணூறுகள், அதைவிட அகலம். நான் சொன்னேன்ல? சூடு ஏற ஏற... அப்புறம்...

— அப்புறம்? ஏன் வாய் நின்னுபோச்சு?

— மெலிஞ்சிடுச்சு. திடீர்னு. பட்டையோரம் பாரு, தலைமுடி மாதிரி. அதாவது, ஏதாவது பூச்சி விழுந்திருக்கும்.

— பூச்சி.

— இல்லேன்னா கரை இடிஞ்சு வேர் ஆடியிருக்கும்.

— வேர் ஆடியிருக்கும். சரிதான் போ. மெலிய ஆரம்பிச்சது எந்த வருஷம்?

— இரு, எண்றேன்... ரெண்டாயிரத்துப் பன்னெண்டு, பதிமூணு வாக்குல.

— பன்னெண்டுலதான் பிஷப் செத்தான்.

— எந்த பிஷப்?

— என் பனிவண்டி நாய். எல்லாத்துக்கும் முன்னால ஓடுமே, அது. கடைசி பிஷப். ஒருத்தன் செத்தா அடுத்தவனுக்கு அதே பேரை வைப்பேன். இது பிஷப் மரம் டாக்டரே. அடியில பாரு, சங்கிலி உரசின தழும்பு. அதோ, அது ஜட்ஜ் மரம். அதுக்கு அந்தண்டை செனட்டர். நாய்ங்களுக்குப் பெரிய மனுஷங்க பேருதான் வைப்பேன். திட்டறதுக்கு வசதி.

— அந்த ரெண்டுலயும் ஆராய்ச்சிக்கு நான் அடிச்ச எண் தகடு இருக்கே!

— எல்லா நாய் மரத்துலயும் உன் தகடு இருக்கு. நாற்பது நாய். வருஷம் பூரா சால்மன் தின்னும், தின்னதை அப்படியே மரத்துக்கு உரமாக் குடுக்கும். நீ சொன்னது வாஸ்தவம்தான், காடு கொண்டாடிச்சு. ஆனா விருந்து போட்டது வெயில் இல்ல. மீனும் போச்சு, நாயும் போச்சு. பந்தியைச் சுருட்டினதும் மரம் தன் தாகத்தைக் காட்டிடுச்சு.

— இதை ஏன் என்கிட்ட சொல்லல நீ?

— நீ கேட்டியா? மரத்துக்கிட்ட வயசு கேட்ட. என்கிட்ட உப்பு இருக்கான்னு கேட்ட. நாய்ங்க உன் மூஞ்சிக்கு நேரா நின்னு குரைச்சுதுங்க, நீ காதுல பஞ்சு வெச்சுகிட்ட.

— குரைக்கிறது தெரியும். அது மரத்துக்குச் சோறு போடுதுன்னு யாருக்குத் தெரியும்?

— மலைச்சரிவு பூரா மரம் நிக்குது. அங்க ஏறிப் போய்க் குடைஞ்சிருக்கலாமே?

— மேல கொசு.

— கொசு!

— சிரிக்காத. தண்ணிக்கும் ரொம்ப தூரம்.

— உன் டெஸ்ஸா போனாளே. போன வருஷம், தனியா. இறங்கி வந்தப்போ மூஞ்சி ரொட்டி மாதிரி உப்பியிருந்துது. ஒரு கண்ணுதான் திறந்துது. ஆனா ஏறறதுக்கு முன்னாடி என் கதவைத் தட்டி ஒண்ணே ஒண்ணு கேட்டா. ‘உங்க நாய்ங்களை எங்கெல்லாம் கட்டியிருந்தீங்க?’

— அவ இங்க வந்தாளா?

— வந்தா. டீ குடிச்சா. குவளையைக் கழுவி வெச்சுட்டுப் போனா. நீ ஒரு நாளும் கழுவினதில்ல.

— இரு... இரு லோரெட்டா. ஒண்ணு இருக்கு! கரையோரம் தனியா நிக்குமே, நான் முதல் தகடு அடிச்ச மரம். முதல் நாள் காலையில கண்ணு முழிச்சதும் அடிச்சேன். அங்க நாய் கட்டினியா?

— எது, அந்தப் புதருக்குள்ள நிக்குதே, அதுவா? இல்ல. அங்க ஒரு நாளும் கட்டினதில்ல.

— நிச்சயமா?

— செனட்டர் மேல சத்தியமா.

— அப்ப வா! அது ஒண்ணு போதும் எனக்கு. அதுவும் காலை வாரிட்டா, இப்பவே உன் வீட்டுப் போன்ல டெஸ்ஸாவைக் கூப்பிட்டு ‘நீதான் சரி’ன்னு சொல்லிடறேன்.

— மெதுவாப் போ. விழுந்தேன்னா உன்னை வண்டியில வெச்சு இழுக்க இப்ப என்கிட்ட நாய் கிடையாது.

— இதோ, தகடு! துருப்பிடிச்சுப் போச்சு. இடமே அடையாளம் தெரியலையே. இங்க வெட்டவெளியால்ல இருந்துது?

— புதருக்கு இருபது வருஷம் தாராளம். குடை, குடை.

— இது நல்ல மரம். திருகு வெண்ணெய்ல இறங்கற மாதிரி இறங்குது... பிடிச்சுக்கோ... வந்தாச்சு! லோரெட்டா! பாரு, பாரு, என்ன அகலம்! நாயும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. வெயில்! வெறும் வெயில்!

— குதிக்காத, இடுப்பு பிடிச்சுக்கும். எந்த வருஷத்துலேர்ந்து அகலம்?

— எண்பத்தி நாலு... எண்பத்தஞ்சுலேர்ந்து.

— எது வரைக்கும்?

— ரெண்டாயிரத்து நாலு. அஞ்சு. அதுக்கப்புறம்...

— அதுக்கப்புறம்?

— மெலிசு.

— ஏன், ரெண்டாயிரத்தஞ்சுல சூரியனுக்குப் பெரிய ஊர்ல பெரிய நாற்காலி கிடைச்சுதாமா? வேலையை விட்டுட்டுப் போயிடுச்சா?

— இரு, மறுபடி எண்றேன்.

— அந்த வேருக்கு அடியில கையை விட்டுப் பாரு.

— இரும்பா இருக்கே... ஆணி. கூடார ஆணி. நீலக் கயிறு வேற சுத்தியிருக்கு.

— இந்தக் கரையில நீலக் கூடாரம் போட்டது யாரு?

— நான்தான். ஆனா நீ நாய் கட்டலைன்னு சத்தியம் பண்ணினியே லோரெட்டா!

— நான் எங்க கட்டினேன்? அது தானா வந்துச்சு. ஜூன் பிறந்தா வரும். நான் சுட்டுக் குடுத்த மீனைத் தின்னுட்டு, தலையையும் முள்ளையும் இந்த வேர்லயே வீசும். ராத்திரியானா கரடிக்குப் பயந்து கழிப்பறை வரைக்கும் போகாது. எல்லாம் இந்த மரத்துக்கே. ஆகஸ்ட் முடிஞ்சதும் ஊருக்குப் போயிடும். மறுபடி ஜூன்ல வாலை ஆட்டிகிட்டு வந்து நிக்கும். ஒரு ஆகஸ்ட்ல போனது போனதுதான். ஒரு வார்த்தை கிடையாது. அதுக்கப்புறம் இந்த மரமும் பட்டினி.

— அதாவது...

— அதாவது? சொல்லு டாக்டரே, இதுவும் பூச்சியா?

— உன் வீட்டுப் போன் வேலை செய்யுதா?

— செய்யுது மெர்வின். இருபது வருஷமா செஞ்சுகிட்டுதான் இருக்கு.