சாகாத புரோகிராம்

பாடி மேம்பாலத்துக்குக் கீழே பேருந்து நின்றுவிட்டது. சற்றுக் கண்ணயரலாம் என்றிருந்தேன். முன் இருக்கையில், கழுத்தில் அடையாள அட்டையோடு இரண்டு இளைஞர்கள். ஜன்னலோரத்தில் இருந்தவன் சொன்னான்:

“நம்ம புரோகிராம் இப்பல்லாம் சாவறதே இல்ல மச்சான்.”

“முந்தாநேத்து வரைக்கும் தொட்டாலே செத்துகினு இருந்துச்சே?”

“அதுக்குச் சொந்தமில்லாத மெமரில கைய வெச்சுது. கம்ப்யூட்டரோட வாட்ச்மேன், அந்த கெர்னல், சிக்னல் அனுப்பிக் கொன்னுச்சு. இப்ப அந்த சிக்னல நானே புடிச்சிடறேன்.”

“புடிச்சு இன்னா பண்ற?”

“ஒண்ணும் பண்ணல. புரோகிராம வுட்ட எடத்துக்கே திருப்பி அனுப்பிடறேன்.”

“டேய், அது மறுபடியும் அங்கயே கைய வெக்கும். கெர்னல் மறுபடியும் சிக்னல் அனுப்பும். நீ மறுபடியும் புடிப்ப. வேலை எப்படா நடக்கும்?”

ஜன்னலோரக்காரன் யோசித்தான். “அதான் லேப்டாப் ஃபேன் அப்படிக் கத்துதா?”

“மேனேஜர் இன்னா சொன்னாரு?”

“நேத்து நாள் பூரா ஒரு தபா கூட சாவலயா, சூப்பர்னு கை குடுத்தாரு. காலைல கஸ்டமருக்கே அனுப்பிட்டாரு.”

அப்போது அவன் போன் அடித்தது. மேனேஜர். கட் செய்தான். உடனே மறுபடியும் அடித்தது. மறுபடியும் கட் செய்தான்.

அம்பத்தூர் எஸ்டேட் வரை போனும் ஓயவில்லை, நானும் தூங்கவில்லை.