எழுந்து நிற்கும் காட்சி

இந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை, மேடம். நடந்துகொண்டே சொல்லட்டுமா? உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருப்பது எனக்கு ஆகாது. அடுத்தவர் அப்படி உட்கார்ந்திருப்பதைப் பார்க்கவும் ஆகாது. விஷயமே அதுதான்.

சினிமாவில் எடிட்டராக இருந்து ஓய்ந்தவன் நான். நான் வெட்டிப்போட்ட ஃபிலிமை எல்லாம் சேர்த்தால் பூமிக்கு ஒரு தலைப்பாகை கட்டி, மிச்சத்தில் நிலாவுக்கு ரிப்பனும் முடிந்துவிடலாம். அதில் முக்கால்வாசி கதாநாயகிகளின் அழுகை. டைரக்டர்கள் வண்டி வண்டியாக எடுத்துக்கொண்டு வருவார்கள். ஒரு துளியை வைத்துக்கொண்டு மீதியைக் கூடையில் போடுவேன். வேலை போகும், வீடு போகும், கட்டியவன் போவான், இடைவேளை. மறுபடி விளக்கு அணைந்ததும் அவள் எழுந்து நிற்பாள். தியேட்டர் கூரை பிய்த்துக்கொண்டு போகும். கப்பல் ஓட்டியவள், கோர்ட்டையே நடுங்க வைத்தவள், ஒரே உதையில் ஒன்பது பேரை மொட்டை மாடிக்கு ஏற்றியவள், அத்தனை பேரையும் எழுப்பிவிட்டது இந்தக் கைதான்.

எனக்கென்று பிறந்தவளோ கரப்பான்பூச்சியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு நகர்பவள். வீட்டில் அவளுக்குப் பஞ்சு என்று பெயர். பஸ்ஸில் எவனாவது காலை மிதித்தால், "நான்தாங்க நீட்டியிருந்தேன்" என்பாள். குறை சொல்லவில்லை. முதல் பாதியில் எல்லாக் கதாநாயகியும் அப்படித்தான். இவளுக்கு மட்டும் முதல் பாதி முடிகிற வழியாகவே இல்லை. முப்பது தாண்டியும் சிரித்துக்கொண்டிருந்தாள். பெற்றவன் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா?

பாலர் பள்ளியில் டீச்சராக இருந்தாள். பிள்ளைகள் அவள்மேல் கொடி மாதிரி படர்ந்து கிடக்கும். நான்தான் பள்ளிக்குப் போன் செய்தேன். குரலை மாற்றிக்கொண்டு, அவள் பிள்ளைகளைக் கிள்ளுகிறாள் என்று ஒரு தகப்பனாகப் புகார் சொன்னேன். தகப்பன் என்றது பொய்யில்லை.

வேலை போயிற்று. வந்ததும் கதவை உடைப்பாள் என்று ஆசையாகக் காத்திருந்தேன். எனக்கு டீ போட்டுக் கொடுத்துவிட்டு, "யாரு கிள்ளினாங்களோப்பா, அந்தப் பிள்ளைங்க பாவம்" என்று அழுதாள்.

மாப்பிள்ளைதான் குறுக்கே நின்றார். மருந்துக்கடை வைத்திருந்தார். அவள் அழுதால் குரங்கு மாதிரி நடந்து காட்டிச் சிரிக்க வைப்பார். என் மாத்திரைகளைக் காலைக்கு, ராத்திரிக்கு என்று பிரித்துத் தருவதும் அவர்தான். தங்கமான மனுஷன், அதில் சந்தேகமில்லை. ஆனால் இப்படி ஒருவர் பக்கத்தில் இருந்தால் எவள் எழுந்திருப்பாள், எதற்காக எழுந்திருப்பாள்? நடிகர் நல்லவர் என்பதற்காகக் காட்சியை வைத்திருக்க முடியாது. படத்துக்கு எது நல்லதோ அதைத்தான் பார்க்க வேண்டும்.

ஸ்கூட்டரின் பிரேக் ஒயரைத் தளர்த்துவது ஒன்றும் பெரிய வித்தையில்லை. அந்தக் குளோசப்பை எத்தனை படத்தில் ஒட்டியிருக்கிறேன். கடைக்குப் போகிற வழி முழுக்க இறக்கம். கீழே லாரிகள் திரும்புகிற முனை. அன்று கிளம்பும்போது, "மாமா, உங்க பிரஷர் மாத்திரை தீர்ந்திருக்குமே, வரும்போது எடுத்துட்டு வரேன்" என்றார். நான் கையை ஆட்டினேன். அந்த இடத்தில் ஒரு கட்.

பழைய வண்டி, விபத்து என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் தலையாட்டினேன்.

அது போன மழைக்காலம். மறு மழை வந்துவிட்டது, இவள் இன்னும் எழுந்திருக்கவில்லை. ஜன்னலோரம் அதே நாற்காலி. அவர் சட்டையை மடியில் வைத்து மடிப்பாள், பிரிப்பாள், மறுபடி மடிப்பாள். இவ்வளவு நீளத்துக்கு இதை எந்தப் படத்திலும் நான் விட்டதில்லை. கூடத்துக்கும் வாசலுக்குமாக நான் நடந்த நடையில் தரை தேய்ந்து கீழ்வீட்டுக்காரர் தலை தெரிகிறது. பிறகுதான் விட்டுப்போனது எது என்று பிடிபட்டது. வில்லன் யாரென்று அவளுக்குத் தெரியவில்லையே. தெரியாமல் யார்மேல் பாய்வாள்?

அதனால்தான் நானாகவே இந்த ஸ்டேஷனுக்கு வந்தேன். விபத்து விஷயமாக ஒரு கையெழுத்து என்று சொல்லி அவளையும் கூட்டி வந்தேன். வெளியே பெஞ்சில் இருக்கிறாள், என் மாத்திரையையும் தண்ணீர் பாட்டிலையும் பிடித்துக்கொண்டு.

ஒன்று கேட்கட்டுமா? நீங்கள் உள்ளே வந்த தோரணையில் கதவே பயந்து திறந்த மாதிரி இருந்தது. சின்ன வயதில் உங்களிடமிருந்து எதைப் பறித்தார்கள்?

"யாரும் எதையும் பறிக்கல, பெரியவரே. எங்கப்பா சைக்கிளைப் பின்னாடி பிடிச்சுக்கிட்டு ஓடி வருவார். அவர் இருக்கார்னு நான் ஓட்டினேன், அவ்வளவுதான்" என்கிறீர்கள்.

நம்ப மாட்டேன். உங்கள் முதல் பாதியை யாரோ சுத்தமாக வெட்டியிருக்கிறார்கள்.

அவளிடம் நானே சொல்கிறேன் என்றால் விட மாட்டேன் என்கிறீர்கள். சரி, உங்கள் பெண் காவலர்களே சொல்லட்டும். கண்ணாடி வழியாக நன்றாகத் தெரிகிறது. குனிகிறார்கள். உதடு அசைகிறது. பாட்டில் கீழே உருள்கிறது. மாத்திரைகள் தரையெல்லாம்.

அதோ, எழுந்துவிட்டாள். நான் சொன்னேன் இல்லையா? ஆளுக்கொரு பக்கம் அக்குளில் கை கொடுத்துத் தூக்கிப் பிடித்திருக்கிறார்கள், கால் தரையில் பாவவில்லை, அதெல்லாம் சரி. அந்த இரண்டு பேரை மட்டும் வெட்டிவிட்டுப் பாருங்கள், மேடம். எழுந்துதான் நிற்கிறாள்.