வந்தா வரட்டும்

ஒரே ஒரு ஊர்ல ஒரே ஒரு மச்சான் இருந்தானாம். அந்த மச்சானுக்கு ஆத்தைப் பாத்தா இறங்கணுமாம், மலையைப் பாத்தா ஏறணுமாம், ரெண்டும் இல்லைன்னா ஒரு மரத்தையாவது கட்டிப்பிடிச்சுப் போட்டோ எடுத்துக்கணுமாம். அவன் ஆசைப்பட்ட எடத்துல எல்லாம் அவன் அக்கா புருஷன் வழுக்கி வழுக்கி விழுந்தானாம். கதை அவ்வளவுதாண்ணே. அந்த அக்கா புருஷன் நான்தான். அந்த மச்சான் அதோ, ஷெட்டுக்குப் பின்னாடி ஓடையில, பேண்ட்டை முழங்காலுக்கு மேல சுருட்டிவிட்டுக்கிட்டு நிக்கிறான் பாருங்க. மீன் வந்து காலைக் கடிக்குதாம், சிரிக்கிறான். இங்க என் வண்டி நாலு சக்கரமும் கழண்டு கெடக்கு, அவன் மீன்கிட்ட கூச்சப்பட்டுக்கிட்டு இருக்கான்.

நீங்க உட்காருங்கண்ணே, ஏன் நிக்கிறீங்க. பஞ்சர்தானே? உங்க முட்டை வண்டிக்கு மெக்கானிக் அரை மணி நேரத்துல ஒட்டிக் குடுத்துடுவாரு. எனக்குச் சாயந்தரம் அஞ்சு மணி ஆகுமாம். பிரேக்கு மொத்தமும் வெந்து போச்சாம். சாமான் டவுன்ல இருந்து வரணுமாம். இப்ப மணி பன்னெண்டரை. எம்பொண்ணு நாலு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்புறா, ஏர்போர்ட்டுக்கு. ரெண்டு வருஷ வேலை, கடல் தாண்டி. இங்கேருந்து அவ ஊருக்கு ரெண்டரை மணி நேரம். நீங்களே சொல்லுங்க, அஞ்சு மணிக்கு வண்டியை வாங்கிக்கிட்டு நான் யாரைப் போய்ப் பாக்குறது, அவ பூட்டிட்டுப் போன பூட்டையா?

போன வாரம் அவ அம்மாவுக்குப் போன் பண்ணினா. கிளம்புறதுக்குள்ள ஒரு தடவை வந்துட்டுப் போம்மான்னு கூப்பிட்டிருக்கா. அப்பாவும் வரட்டுமாடீன்னு இவ கேட்டிருக்கா. "வந்தா வரட்டும்"னாளாம். மூணு வருஷமா என்கிட்ட ஒத்தை வார்த்தை பேசாத பொண்ணு. வந்தா வரட்டும். இதை நான் ஒரு வாரமா வாயில போட்டு மென்னுக்கிட்டு இருக்கேண்ணே. வாங்கன்னு கூப்பிடுறாளா, வராட்டி நிம்மதிங்கிறாளா? சம்சாரத்தைக் கேட்டா, "போய்ப் பாத்தாத் தெரியும்"கிறா. அது எனக்குத் தெரியாதா?

சரின்னு கிளம்பினோம். நேராப் போனா ஒரு நாள். இந்த மச்சான் இருக்கானே, வருஷம் பூரா ஆபீஸ்ல ஏசிக்கு அடியில ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கிறவன், அவனுக்கு வெளிய வந்தா உடம்பு தாங்காது. "மாமா, சும்மாவா போறது? ரெண்டு நாளாப் போவோம், வழியில ஆறு இருக்கு, பாறை இருக்கு"ன்னான். நான் வேண்டாம்னுதான்... இல்ல, வேண்டாம்னு சொல்லலை. சொல்லியிருக்கணும்.

மொத நாள் ரப்பர் படகு. தலையில சட்டி மாதிரி ஒரு தொப்பி, நெஞ்சுல தலகாணி மாதிரி ஒரு சட்டை. ஆறு பேரு. தண்ணி நுரைச்சுக்கிட்டு ஓடுது, நடுவுல யானை யானையாப் பாறை. நான் படகுக்காரர்கிட்ட நல்லபடியாத்தான் சொன்னேன், திருப்பத்துல வேகத்தைக் குறைங்க, பின்னாடி வர்ற படகுக்குக் கையைக் காட்டுங்கன்னு. ஆத்துக்கு யாருசார் கையைக் காட்டுறதுங்கிறாரு. அதோட விட்டாரா, ஏன்சார் படகை மிதிச்சு மிதிச்சு அமுக்குறீங்க, அடி கிழிஞ்சிரும்னு எல்லாரும் கேக்குற மாதிரி சொல்றாரு. மச்சான் சிரிக்கிறான். சம்சாரமும் சிரிக்கிறா. ரெண்டாவது தடவை போனப்பதான் சட்டைப் பையில இருந்த போன் ஆத்தோட போயிடுச்சு.

ரெண்டாவது தடவை எதுக்குப் போனோமா? அது... நான்தான் சொன்னேன், வந்தது வந்தோம் இன்னொரு ரவுண்டு போலாம்னு. மச்சானே அசந்துட்டான். மாமா, நேரமாகுதேன்னான். கொஞ்சம் ஆகட்டுமேன்னேன். ஏன், நான் சந்தோஷமா இருக்கக்கூடாதா?

அப்புறம் நேத்து சாயந்தரம் பாறை ஏறினோம். கூடாரத்துல படுத்தோம், முதுகுக்குக் கீழ ஒரு கல்லு, அந்தக் கல்லும் நானும் விடியுற வரைக்கும் தூங்கலை. இன்னைக்குக் காலையில கம்பியில தொங்கிக்கிட்டுப் போற விளையாட்டு. பள்ளத்துக்கு இந்தப் பக்கம் ஒரு தூணு, அந்தப் பக்கம் ஒரு தூணு. இடுப்புல வாரைக் கட்டித் தொங்கவிட்டு, போயிட்டு வாங்கன்னு தள்ளி விட்டுடுறான். கடைக்கு முன்னாடி தொங்குற வாழைத்தார் மாதிரி நான் போறேன். கீழ மரமெல்லாம் கீரைக்கட்டாத் தெரியுது. நான் காத்துலயே ரெண்டு காலையும் நீட்டி ஊன்றேன். எங்க ஊன்றது? என் சம்சாரம் இருக்காளே, ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டுப் போனா. கத்திச் சிரிச்சுக்கிட்டே போனா. இருபத்தேழு வருஷத்துல அப்படி ஒரு சிரிப்பை நான் பாத்ததே இல்லைண்ணே. என்னை விட்டுத் தூரமாப் போகப் போகத்தான் சத்தமாச் சிரிச்சா. கவனிச்சேன்.

வண்டியா? வண்டி நம்ம வண்டிதான். மேல பலகை பாக்கலையா? டிரைவிங் ஸ்கூல் வண்டி. இருபத்தாறு வருஷமா நடத்துறேன். மூவாயிரம் பேருக்கு மேல கையில லைசென்ஸ் குடுத்திருக்கேன். ஒரு கலெக்டர் சம்சாரம், ரெண்டு டாக்டருங்க, பஸ் ஓட்டுறவங்க எத்தனையோ பேரு... ஆனா நான் ஓட்டலை. சம்சாரம்தான் ஓட்டினா. எட்டு மாசம் முன்னாடி லைசென்ஸ் வாங்கினா, நான்தான் கத்துக் குடுத்தேன். எனக்குப் பக்கத்து சீட்டுல உட்கார்ந்தே பழகிப் போச்சுண்ணே. ஸ்டியரிங் முன்னாடி உட்கார்ந்தா வேத்து வீட்டுக் கட்டில்ல படுத்த மாதிரி இருக்கு.

மலை இறக்கம். இருபத்திரண்டு வளைவு. பத்தாவது வளைவுல ஒரு நாத்தம், தோசைக்கல்லு காய்ஞ்சு கெடக்குற மாதிரி. பதினாலாவதுல புகை. பதினெட்டுல இவ காலை வெச்சு அமுக்குறா, பெடல் மெத்தை மாதிரி உள்ள போகுது, வண்டி நிக்கலை. நான் கத்தினேன். என்ன கத்தினேன்னு ஞாபகம் இல்லை, நல்ல வார்த்தை இல்லை. இவ கியரைக் குறைச்சா, ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாத் தூக்கினா, ஓரத்துல இருந்த மண்மேட்டுல வண்டியைச் சாய்ச்சு நிறுத்திட்டா. அப்புறம் இறங்கி, வண்டியைச் சுத்தி வந்து, மெக்கானிக் எங்க இருக்காருன்னு எதிர்ல வந்தவங்களைக் கேட்டா. அவ்வளவுதான். ரெண்டு வார்த்தை திட்டியிருந்தாக் கூட எனக்கு நல்லா இருந்திருக்கும்.

நான் மெக்கானிக்கிட்ட சொன்னேன், ஐயா, புது டிரைவர், வழி பூரா பிரேக்குலயே காலை வெச்சிருந்திருக்காங்கன்னு. அவரு வண்டிக்கு அடியில படுத்தாரு, எழுந்தாரு. கதவைத் திறந்து ரெண்டு பக்கமும் பாத்தாரு. டிரைவிங் ஸ்கூல் வண்டின்னா பக்கத்து சீட்டுக்கும் தனியா ஒரு பிரேக் இருக்கும்ல, கத்துக்கிறவங்க தப்புப் பண்ணினா வாத்தியார் மிதிக்கிறதுக்கு? அதையே பாத்துக்கிட்டு இருந்தாரு. அந்தப் பெடல்ல ரப்பர் மழுங்கிக் கண்ணாடி மாதிரி ஆயிருக்கு. சம்சாரம் பக்கத்துப் பெடல் புதுசு மாதிரி இருக்கு. நிமிர்ந்து கையைத் துடைச்சுக்கிட்டே சொல்றாரு: "வண்டியை அம்மா ஓட்டியிருக்காங்க. நீங்க நிறுத்திக்கிட்டே வந்திருக்கீங்க."

பழக்கம்ணே! இருபத்தாறு வருஷம். என் கால் என்னைக் கேட்டா போகுது? முன்னாடி ஒரு நாய் திரும்பிப் பாத்தாப் போயிடும். எதிர்ல லாரி தும்மினாப் போயிடும். நீங்க முட்டை வண்டி ஓட்டுறீங்க, உங்களுக்குத் தெரியும், பயம் இருந்தாத்தானே பத்திரம்? பக்கத்துல உட்கார்ந்தவன் சும்மா வேடிக்கை பாத்துக்கிட்டா வர முடியும்?

எம்பொண்ணா? பாப்பா ஓட்டுவா. நல்லா ஓட்டுவா. நான்தான் சொல்லிக் குடுத்தேன், மூணு மாசத்துல பிடிச்சுக்கிட்டா. டெஸ்ட்ல ஃபெயிலாயிட்டா. ஏத்தத்துல வண்டி நின்னுடுச்சு. யாருக்கும் நடக்கிறதுதானே. அதுக்குப் போய் ரோஷப்பட்டுக்கிட்டு, நம்ம ஸ்கூலுக்கு நேர் எதிர்த்தாப்ல இருக்கிற ஸ்கூல்ல, எதிரிகிட்ட, பீஸ் கட்டிச் சேர்ந்து, ஒரே தடவையில லைசென்ஸ் வாங்கிட்டா. அதை அந்தாளு போட்டோ பிடிச்சு வாசல்ல பெருசா மாட்டி வெச்சான். தினமும் ஷட்டரைத் தூக்கினா எம்பொண்ணு எதிர்ல சிரிக்கிறா. அப்புறம் வேலை, வேற ஊரு, பேச்சு நின்னு போச்சு. நான் என்ன தப்புப் பண்ணினேன்?

என்னண்ணே அப்படிப் பாக்குறீங்க. வண்டி தானாத்தான் நின்னுச்சு. விடுங்க. உங்க டயர் ஆயிடுச்சு போலிருக்கே.

இதோ சம்சாரம் வர்றா. என்ன? ... ம். கேட்டீங்களாண்ணே, நான் உங்ககிட்ட மூச்சு விடாமப் பேசிக்கிட்டு இருக்கேன், இவ எப்பவோ உங்ககிட்ட ரெண்டே வார்த்தையில காரியத்தை முடிச்சிருக்கா. நீங்க அந்த ஊர் வழியாத்தான் போறீங்களாமே? இதை ஏன் நீங்க சொல்லலை? ... சரி, நான் விடலை. முன்னாடி ஒரு ஆள் உட்காரலாமாம். இவ சொல்றதைக் கேளுங்க: "நீங்க போங்க. நான் அவகிட்ட தினமும் பேசிக்கிட்டுத்தான் இருக்கேன். நீங்க போய் அவளைப் பாருங்க."

போகலாம். போறதுக்கென்ன. ஆனா பாரும்மா, வண்டி இங்க பிரிச்சுக் கெடக்கு. ஒரிஜினல் சாமான் போடுறாங்களான்னு பாக்க ஒரு ஆள் வேண்டாமா? உன் தம்பி பாப்பானா? அவன் மீனைப் பாப்பான். அப்புறம் என் சட்டையைப் பாரு, சேறு. இந்த லட்சணத்துல போய் அவ வாசல்ல நின்னா பக்கத்து வீட்டுக்காரங்க என்ன நினைப்பாங்க? அதுவும் முட்டை வண்டி, அண்ணனுக்கு இப்ப என் காலைப் பத்தித் தெரியும், நான் பக்கத்துல உட்கார்ந்தா அவர் நிம்மதியா ஓட்ட முடியுமா... இல்லண்ணே, கிளம்புங்க, உங்களுக்கு நேரமாகுது, ஒரு அஞ்சு நிமிஷம் மட்டும் இருங்க, நான் மூஞ்சி கழுவிட்டு... இல்ல, வேண்டாம். அந்தச் சாமான் பில்லை ஒரு தடவை பாத்துட்டு...

என்ன, நீ பையை எடுத்துட்ட?

சரி, நீ போ. அதுதான் நல்லது. தாய் மனசு. அவளும் உன்னைத்தானே கூப்பிட்டா. என்ன சொல்லணுமா? அவகிட்டயா? ... பாஸ்போர்ட்டைக் கைப்பையிலயே வெச்சுக்கச் சொல்லு. ம்... ஜன்னல் பக்கம் சீட்டு கேக்கச் சொல்லு. வேற என்ன? வேற ஒண்ணும் இல்லை. ஏன் நிக்கிற, அண்ணன் வண்டியை எடுத்துட்டாரு பாரு. அண்ணே, வளைவுல ஹாரன் அடிங்க. இறக்கத்துல ரெண்டாவது கியர்...

போயிட்டாங்க.

மெக்கானிக் ஐயா, நீங்க சாப்பாட்டு டப்பாவை எடுத்துட்டீங்களா? சாப்பிடுங்க, சாப்பிடுங்க. நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டு இருக்கேன். இல்ல, பிரேக்கைப் பத்தி இல்லை. அந்த முட்டை வண்டிக்காரர் ஒரு மாதிரிப் பாத்தாரே, அதான் மனசுல உறுத்துது. பாப்பா டெஸ்ட்டன்னைக்கு ஏத்தத்துல வண்டி தானா நிக்கலைங்க. பாப்பா நல்லாத்தான் ஏத்தினா. நடுவுல ஒரு சைக்கிள் குறுக்க வந்துச்சு, அதையும் பாத்துட்டா, ஒதுங்கவும் ஆரம்பிச்சுட்டா. நான் மிதிச்சுட்டேன். வண்டி குலுங்கி நின்னுச்சு. பின் சீட்டுல இருந்த இன்ஸ்பெக்டர் யார் பிரேக் போட்டதுன்னு கேட்டாரு. வெளிய என்கிட்ட படிக்கிறவங்க பதினாலு பேரு வரிசையா நின்னு பாத்துக்கிட்டு இருக்காங்க. வாத்தியார் பயந்துட்டாருன்னு சொல்லவா முடியும்? பொண்ணுதான் சார்னு சொல்லிட்டேன். அவ என்னை ஒரு தடவை பாத்தா. பெல்ட்டைக் கழட்டினா. இறங்கி நடந்து போயிட்டா.

இதை இன்னைக்கு வரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்லைங்க. சம்சாரத்துக்குத் தெரியுமான்னும் தெரியலை. தெரிஞ்சிருக்கும். அதான் என்ன சொல்லணும்னு கேட்டுட்டு அவ்வளவு நேரம் நின்னா.

என்ன, போனா? உங்க போனா? ஐயையோ, வேண்டாங்க. நம்பரெல்லாம் மனப்பாடம்தான், அதுக்கில்லை... கை எல்லாம் கிரீஸு. அவ இப்ப பெட்டி கட்டிக்கிட்டு இருப்பா, எதுக்குத் தொந்தரவு. தெரியாத நம்பர்னா எடுக்கவும் மாட்டா... எடுத்துட்டாலும் எடுத்துடுவா. அதான்.

என்னங்க, போனைப் பெஞ்சுல வெச்சுட்டு டப்பாவைத் தூக்கிட்டு எங்க போறீங்க? ஓடைப் பக்கமா? இங்கேயே நிழல் இருக்கே. ஐயா... ஒரு ரெண்டு நிமிஷம் இங்கேயே இருங்கய்யா. யாரும் இல்லாம நான் என்னத்தைப் பேசுவேன்...